நாட்டுப் பெட்டைக்கு பாரக்குதிரை சேர்க்கலாமா? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் குதிரை வச்சிருக்கவங்க போன்ல வெளிநாட்டு பாரக்குதிரை வீடியோவ பாத்துட்டு ஆளாளுக்கு ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, "இந்த மாதிரி ஒரு பொலிய நம்ம பெட்டைக்கு விட்டா என்ன?"னு. பொலின்னா இனச்சேர்க்கைக்கு விடுற ஆண்குதிரை, பெட்டைன்னா பெண்குதிரை. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி முடியல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விய கேட்டவங்க வாய்மொழியிலயே விட்டிருக்கேன். மேல சொன்னத கீழ திரும்ப சொல்ல மாட்டேன், அதனால முதல்லருந்து படிங்க.

அண்ணே, பாரக்குதிரைன்னா எது? நம்ம வண்டிக்குதிரையும் பாரம் இழுக்குதே, அதுவும் பாரக்குதிரைதானே?

பாரம் இழுக்கிறதெல்லாம் பாரக்குதிரை இல்ல தம்பி. ஏர் உழவும், சரக்கு வண்டி இழுக்கவும், காட்டுலருந்து மரம் இழுத்துட்டு வரவும்னு ஐரோப்பாவுல பல தலைமுறையா பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த கனமான இனங்களத்தான் அப்படி சொல்றோம். இங்கிலாந்து ஷயர், ஸ்காட்லாந்து கிளைடெஸ்டேல், பிரான்ஸ் பெர்ச்சரான், பிரெட்டன், பெல்ஜியம் பெல்ஜியன், இங்கிலாந்துலயே சஃபோக் பஞ்ச்னு இன்னொண்ணு, இதெல்லாம் அந்தக் கூட்டம். பெரிய இனங்க 16லருந்து 18 கை உயரம், எடை 700 கிலோவுலருந்து 1000 கிலோவுக்கு மேலயும் போகும். ஒரு கைன்னா 4 இன்ச், திமில் மேட்டுல அதாவது பிடரி முடியுற இடத்துல அளக்கணும், தலைய சேர்க்கக்கூடாது.

நம்ம பக்கம் வண்டியில ஓடுற நாட்டுக்குதிரை 250லருந்து 350 கிலோ. கத்தியவாரி, மார்வாரியெல்லாம் சவாரிக்குதிரை, பாலைவனத்து வெயிலுக்குப் பொறந்தது. இது போக நடுத்தர சைஸ்ல கொஞ்சம் இருக்கு, ஆஸ்திரியா-டைரோல் மலைப்பக்கத்து ஹாஃப்லிங்கர், நார்வே ஃபியோர்ட், அப்புறம் ஐரிஷ் டிராஃப்ட். நெசமா நம்ம பேச்சுக்கு உதவப்போறது இந்த நடுத்தரக் கூட்டந்தான், ஆனா யாரும் இத கேக்குறதில்ல, எல்லாருக்கும் ஷயர்தான் வேணும்.

எதுக்குண்ணே கலக்கணும்? நாட்டுக்குதிரையே நல்லாத்தானே இருக்கு?

இத நீங்க என்கிட்ட கேக்கக்கூடாது, உங்களுக்கு நீங்களே கேட்டுக்கணும். பந்தயத்துக்குன்னா கலக்கவே வேணாம், சிவகங்கை புதுக்கோட்டை ரோட்டுல நடக்கிற குதிரைவண்டிப் பந்தயத்துக்கு வேணுங்கிறது லேசான உடம்பு, வேகமான ஓட்டம், மூச்சு. பாரக்குதிரை ரத்தம் இந்த மூணையும் கொறைக்கும். பெருசா இருக்குங்கிறதுக்காக பெரிய குதிரைப் பிரிவுல விடலாம்னு ஒருத்தர் கேட்டாரு, பெருசா இருந்தா வேகமா ஓடும்னு யாரு சொன்னா.

கல்யாண சாரட்டு வண்டி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டுல தங்க வர்ற டூரிஸ்டுகள ஏத்துற வண்டி, 90 கிலோ ஆளு ஏறுனாலும் முதுகு வளையாத சவாரிக்குதிரை, கூட்டத்துலயும் வெடிச்சத்தத்துலயும் மிரளாத நிதானம், இதுக்கெல்லாம்னா கலப்புல ஒரு அர்த்தம் இருக்கு. பாரக்குதிரைக்கு கனத்த விட பெரிய சொத்து அந்த நிதானந்தான்னு நான் சொல்வேன்.

என் பெட்டை 52 இன்ச்தான். பெரிய பொலிய விட்டா குட்டி வயித்துலயே பெருத்து தாயும் குட்டியும் போயிரும்னு எங்க ஐயா சொல்றாரு, நிசமா?

ஐயா சொல்றதுல பாதிதான் சரி. இத 1930கள்லயே இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல வால்ட்டன், ஹேமண்ட்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க செஞ்சு பாத்து 1938ல எழுதிட்டாங்க. உலகத்துலயே பெரிய இனமான ஷயரையும் ரொம்பக் குட்டையான ஷெட்லண்ட் போனியையும் ரெண்டு பக்கமும் கலந்தாங்க, இயற்கையா சேர வழியில்லங்கிறதால சினை ஊசி மூலமா. ஷெட்லண்ட் பெட்டைக்குப் பொறந்த கலப்புக்குட்டி ஷெட்லண்ட் குட்டி சைஸ்லதான் பொறந்துச்சு, ஷயர் பெட்டைக்குப் பொறந்த அதே கலப்பு கிட்டத்தட்ட மூணு மடங்கு எடையில பொறந்துச்சு. அப்பன் யாரா இருந்தாலும் கர்ப்பப்பையில இருக்கிற இடமும் நஞ்சுக்கொடியோட பரப்பும்தான் குட்டி எவ்வளவு வளரணும்னு கட்டுப்படுத்துது.

அதுக்காக பயமே இல்லைன்னு எடுத்துக்காதீங்க. தாய் கட்டுப்படுத்துறது மொத்த எடையத்தான், தலையும் தோளும் கொஞ்சம் அகலமா அமைஞ்சு பிரசவம் சிக்குறதுக்கு வாய்ப்பு இருக்கு, அதுவும் முதல் குட்டின்னா ஜாஸ்தி. அத விட பெரிய ஆபத்து சேர்க்கையிலதான், 800 கிலோ பொலி 280 கிலோ பெட்டை மேல ஏறுனா முதுகு, இடுப்பு, உள்ள பிறப்புப்பாதை கிழியுறதுன்னு எல்லாம் நடக்கும். ஐயா பயப்படுறது தப்பில்ல, காரணம்தான் வேற.

அப்ப எந்த சைஸ் பெட்டைக்கு எந்த சைஸ் பொலி? ஒரு கணக்கு சொல்லுங்கண்ணே.

நேரடியா சேர்க்கிறதுன்னா நான் வச்சிருக்கிற கணக்கு இதுதான்: உயர வித்தியாசம் 8 இன்ச்ச தாண்டக்கூடாது, பொலியோட எடை பெட்டை எடைல ஒண்ணரை மடங்க தாண்டக்கூடாது. ரெண்டுல ஒண்ணு மீறுனாலும் வேணாம். பெட்டை 56 இன்ச்சுக்கு, அதாவது 14 கைக்குக் கீழ இருந்தா பெரிய பாரக்குதிரை பேச்சையே எடுக்க வேணாம்.

எடை மேடை இல்லைன்னா டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சுச் சுத்தளவு எடுங்க, அப்புறம் நெஞ்சு முனையிலருந்து பின்புட்டம் வரைக்கும் நீளம், ரெண்டும் சென்டிமீட்டர்ல. சுத்தளவ அதாலயே பெருக்கி, அத நீளத்தால பெருக்கி, 11880ஆல வகுத்தா கிலோ வரும். சுத்தளவு 155, நீளம் 140ன்னா 283 கிலோ. சினையா இருக்கிறப்ப இந்தக் கணக்கு ஒத்துவராது.

சரி, சுத்தி வளைக்காம இனத்த சொல்லுங்க. எது நல்லது?

நம்ம ஊருக்கு, சாரட்டு வேலைக்கு, 58 இன்ச்சுக்கு மேல இருக்கிற கத்தியவாரி மார்வாரி பெட்டைக்குன்னு வச்சுக்கிட்டா என் முதல் தேர்வு பிரெட்டன்ல லேசான வகை. பிரான்ஸ்ல அத போஸ்டியர்னு சொல்றாங்க, தபால் வண்டி இழுத்த குதிரை. இங்கிலாந்து நார்ஃபோக் ட்ராட்டர் ரத்தம் கலந்து உண்டாக்குனது, அதனால கனமும் இருக்கும், வண்டியில சீரான ட்ராட்டும், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவுல உள்ள ஓட்டமும் போகும், உயரம் சுமாரா 15 கை பக்கம், காலுல முடி கொறைவு. பாரக்குதிரைன்னாலே மெதுவா அசைஞ்சு நடக்கும்னு நினைக்கிறவங்க இத ஒரு தடவ பாக்கணும்.

அடுத்தது பெர்ச்சரான். ஆனா அதுலயும் பழைய கோச்சு வண்டி வகைதான், இப்ப பெரும்பாலும் காட்டுற மலைமாதிரி வகை இல்ல. காலு சுத்தமா இருக்கும், குளம்பு கெட்டி, நிறம் வெளிர் சாம்பல் இல்ல கருப்பு. பெட்டை 60 இன்ச்சுக்கு மேல இருந்தா மட்டும். ஐரிஷ் டிராஃப்ட் அத விட லேசு, சவாரிக்குன்னு கலக்கிறவங்களுக்கு அதுதான் சரி, அயர்லாந்துல அதையும் தரோபிரெட்டையும் கலந்துதான் வேட்டைக்குதிரையே உண்டாக்குனாங்க, கிண்டி ரேஸ்ல ஓடி ஓய்ஞ்ச தரோபிரெட் பெட்டை வச்சிருக்கவங்க இத யோசிக்கலாம்.

சின்னப் பெட்டைக்கு சைஸ்படி பாத்தா ஹாஃப்லிங்கர், ஃபியோர்ட்தான் பொருந்தும், 13லருந்து 15 கைக்குள்ளயே நிக்கும். ஹாஃப்லிங்கர்ல அரேபிய ரத்தமும் இருக்கு, 1874ல பொறந்த ஃபோலிங்கிற பொலிதான் அந்த இனத்துக்கு மூலம், அதோட அப்பன் பாதி அரேபியன். ஆனா வெயில் விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு, கீழ வருது. சஃபோக் பஞ்ச் எனக்குப் பிடிச்ச இனம், காலு சுத்தம், கொறைஞ்ச தீனியில வேலை செய்யும், ஆனா அதோட சொந்த நாட்டுலயே அருகிப்போச்சு, அங்க இருக்கிற பொலியெல்லாம் அவங்க பெட்டைக்கே பத்தல. பெல்ஜியன் நமக்கு ரொம்பக் கனம். ஷயர், கிளைடெஸ்டேலுக்கு தனியா பதில் எழுதியிருக்கேன், ஏன்னா சண்டைக்கே வர்றாங்க.

ஷயருக்கும் கிளைடெஸ்டேலுக்கும் காலுல முடி தொங்குதே, அதான்ணே அழகே. அது ஏன் வேணாம்ங்கிறீங்க?

அழகு யாரு இல்லைன்னா. ஐப்பசி கார்த்திகை மழையில நம்ம செம்மண் சகதி அந்த முடிக்குள்ள போயி காயாம நின்னா என்ன ஆகும்னு யோசிங்க. தோல் ஊறி வெடிக்கும், பூச்சி அடையும், குதிரை நின்ன இடத்துல காலத் தட்டிக்கிட்டே இருக்கும். தினமும் கழுவி, முழுசா காயவச்சு, பிரிச்சுப் பாக்க ஆளு வேணும்.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. ஷயர், கிளைடெஸ்டேல், பெல்ஜியன் இனங்கள்ல காலுல நிணநீர் வடியாம நாள்பட்டு வீங்கிக்கிட்டே போற ஒரு நோய் இருக்கு, தோல் மடிப்பு மடிப்பா தடிச்சு முண்டு முண்டா வரும், முழுசா தீர்க்க வைத்தியம் கிடையாது, கட்டுக்குள்ள வைக்கலாம் அவ்வளவுதான். முடி அடர்த்தியா இருந்தா ஆரம்பத்துல கண்ணுக்கே தெரியாது. யாராவது பொலி காட்டுனா முடிய விலக்கி கணுக்கால் தோலத் தடவிப் பாருங்க, விடமாட்டேன்னு சொன்னா வீட்டுக்கு வந்துருங்க.

சித்திரை வெயிலு நமக்கே தாங்கல. கலப்புக்குட்டி தாங்குமா?

உடம்பு பெருசாகப் பெருசாக உள்ள உண்டாகுற சூடு ஜாஸ்தி, அந்த உடம்புக்குத் தோல் பரப்பு விகிதத்துல கொறைவு. அதனால சூடு வெளிய போறது மெதுவா நடக்கும். கத்தியவாரிக்கு மெல்லிய தோலு, குச்சி மாதிரி காலு, சூடு உடனே எறங்கும். பாரக்குதிரைக்கு தடிச்ச சதை, தடிச்ச முடி. நம்ம ராணுவமே மலையில சுமை தூக்குற குதிரை உண்டாக்கலாம்னு ஹாஃப்லிங்கர கொண்டாந்து முயற்சி பண்ணுச்சு, வறண்ட பாலைவன வெயில தாங்கலைன்னு அது சரிப்பட்டு வரல. மேல சொன்ன சிக்கல் இதுதான்.

இன்னொண்ணு வேர்வை. குளிர் நாட்டுக் குதிரைய வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊருக்குக் கொண்டுவந்தா சிலதுக்கு கொஞ்ச நாள்ல வேர்வை சுரக்கிறதே நின்னு போகும். தோலு காஞ்சு கிடக்கும், மூக்கு விரிஞ்சு வேகமா இரைக்கும், வெள்ளைக்காரன் காலத்துல இங்க கொண்டாந்த குதிரைகளுக்கு இது பெரிய தலைவலி. பாதிக்குப் பாதி கலப்புல நாட்டு ரத்தம் இருக்கிறதால கொஞ்சம் தேவல, ஆனா பங்குனிலருந்து ஆனி வரைக்கும் காலையில 9 மணிக்கு மேல பூட்டாதீங்க. காத்து வர்ற ஓட்டுக்கொட்டகை, வேலை முடிஞ்சதும் உடம்பு முழுக்க தண்ணி ஊத்துறது, தீனியில உப்பு, இது மூணும் கட்டாயம். தகரக்கொட்டகை வேணவே வேணாம்.

இந்தியாவுல இந்தப் பொலி எங்க கிடைக்கும்? வெளிநாட்டுல இருக்க மாமாகிட்ட சொன்னா அனுப்ப முடியுமா?

மாமா பிரிட்ஜ் அனுப்புற மாதிரி அனுப்ப முடியாது. உயிருள்ள குதிரையோ உறைவிந்தோ எதுவா இருந்தாலும் மத்திய அரசோட இறக்குமதி அனுமதி வேணும், அந்த நாட்டு அரசு டாக்டர் நோய் இல்லைன்னு சான்று கொடுக்கணும், இங்க வந்ததும் குவாரண்டைன்ல நிக்கணும். விமானச் செலவையும் சேர்த்தா நீங்க உண்டாக்கப்போற குட்டிய எத்தன தடவ வித்தாலும் அந்தக் காசு வராது.

உள்நாட்டுல சுத்தமான பாரக்குதிரை பொலி தனியார்கிட்ட ரொம்ப அபூர்வம். ராணுவத்துக்கு பாபுகர்லயும் ஹிசார்லயும் குதிரைப் பண்ணை இருக்கு, அது அவங்க தேவைக்கு. ஹிசார்ல இருக்கிற தேசிய குதிரை ஆராய்ச்சி மையமும் அதோட பிகானேர் கிளையும் நம்ம நாட்டு இனங்களக் காப்பாத்துறதுக்குத்தான் முக்கியமா வேலை செய்யுது, மார்வாரிக்கு உறைவிந்து சினை ஊசியெல்லாம் அங்க பண்றாங்க. நம்ம கால்நடை மருந்தகத்துல இருக்கிற சினை ஊசி மாட்டுக்கு, அங்க போயி ஷயர் ஊசி கேட்டு டாக்டர சங்கடப்படுத்தாதீங்க.

கிடைக்கலைன்னா என்னதான்ணே பண்றது? ஆசைய விட்டுரவா?

விட வேணாம். கனமான எலும்புள்ள கத்தியவாரி, மார்வாரி பொலி தேடுங்க, ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனா பலவிதமா பாக்கலாம். தலையழகு, காது முனை ரெண்டும் ஒட்டுதான்னு பாக்கிற நேரத்துல முன்னங்கால் முழங்காலுக்குக் கீழ டேப் சுத்திப் பாருங்க. சாதாரண நாட்டுக்குதிரைக்கு ஆறரை, ஏழு இன்ச் வரும். 8 இன்ச் வந்து, நெஞ்சு அகலமா, முதுகு குட்டையா, இடுப்பு உருண்டையா இருந்தா அதுதான் உங்க பாரப்பொலி. புரவி எடுப்புக்கு நம்ம வேளார் செய்ற மண்குதிரையப் பாருங்க, காலு தூணு மாதிரி, நெஞ்சு அகலம், கழுத்து கட்டை. அய்யனாருக்கே அப்படித்தான் பிடிச்சிருக்கு.

ரெண்டு தலைமுறை இப்படி எலும்பு பாத்துச் சேர்த்தா வெயிலும் தாங்கும் சாரட்டும் இழுக்கும். பொறுமைதான் வேணும், நம்மாளுக்கு அது கொஞ்சம் கம்மி.

'பெர்ச்சரான் கிராஸ் பொலி'ன்னு ஒருத்தர் விக்கிறாரு, விலையும் கம்மி. நம்பலாமா?

இனச்சான்று, மைக்ரோசிப், அப்பன் ஆத்தா விவரம் மூணையும் கேளுங்க. இல்லைன்னா அது வெறும் குண்டுக்குதிரை, கொழுப்ப கனம்னு காட்டுறாங்க. கழுத்து மேட்டு முகடு கல்லு மாதிரி கெட்டியா திரண்டிருந்தா அது இனம் இல்ல, தீனி ஜாஸ்தியாகி வர்ற கோளாறு, அதுக்கு அடுத்தது குளம்புக்காய்ச்சல்தான், அதாவது குளம்புக்குள்ள வீங்கி வலியெடுத்து நொண்டுறது. கொழுப்பு ஏறி இறங்கும், எலும்பு ஏறாது, அதனால மேல சொன்ன டேப்பு இங்கயும் உதவும்.

அது எந்த இனமா வேணா இருக்கட்டும், கிளாண்டர்ஸ் டெஸ்ட் ரிசல்ட் இல்லாம உங்க பெட்டைய பக்கத்துல கொண்டுபோகாதீங்க. மனுசனுக்கும் ஒட்டுற நோய் அது, வந்தா அரசாங்கத்துக்குச் சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு, வந்த குதிரைய காப்பாத்த முடியாது. குதிரை ரத்தசோகைக் கிருமி டெஸ்டும், ரத்தத்துல ஒட்டுண்ணி சேர்ந்து வர்ற சர்ரா நோய்க்கு டெஸ்டும் சேர்த்தே எடுத்துருங்க.

பாரக்குதிரைக்கு பரம்பரை நோய் ஏதும் உண்டாண்ணே? நல்லா திடமாத்தானே தெரியுது?

உண்டு. பெல்ஜியன்லயும் பெர்ச்சரான்லயும் ரொம்ப சகஜமா ஒண்ணு இருக்கு, சதையில சர்க்கரை முறைதப்பி சேர்ந்துக்கிறது, பிஎஸ்எஸ்எம்னு சொல்லுவாங்க. வேலைக்கு எடுத்த கொஞ்ச நேரத்துல பின்னங்கால் சதை கட்டை மாதிரி இறுகி, வேர்த்து, அப்படியே நின்னுரும், மூத்திரம் காப்பி நிறத்துல போகும். அப்பன்கிட்ட அந்த ஜீன் ஒண்ணு இருந்தாலே குட்டிக்கு வர்றதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு, பெட்டை நல்லதா இருந்தாலும் தடுக்க முடியாது. நம்ம ஆளுங்க சோளம், கம்பு, நொய்யினு மாவுச்சத்தா அள்ளிப் போடுறதுல இது இன்னும் மோசமாகும்.

பெல்ஜியன், பிரெட்டன் இனங்கள்ல பொறந்த குட்டிக்கு தோலு கழண்டு வர்ற நோய் ஒண்ணும் இருக்கு, ஆனா அது அப்பன் ஆத்தா ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான் வெளிப்படும், அதனால முதல் கலப்புக்கு பயமில்ல. அடுத்த தலைமுறைல பொலிக்கே திரும்ப விட்டா மாட்டிக்குவீங்க. ரெண்டையும் பிடரி முடிய வேரோட பிடுங்கி அனுப்பி டெஸ்ட் பண்ணலாம், அமெரிக்காவுல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து டேவிஸ் லேப் இத பல வருசமா செய்யுது. பொலி வச்சிருக்கவர்கிட்ட அந்தக் காகிதம் இருக்கான்னு கேளுங்க.

குட்டி எம்புட்டு உயரம் வரும்? ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா சரியா?

தோராயமா சரி, ஆனா சின்னத் தாய்னா அந்தக் கணக்குக்கும் கீழதான் நிக்கும். ஷயர்-ஷெட்லண்ட் கலப்புல பொறந்தப்ப இருந்த வித்தியாசம் வளந்த பிறகும் முழுசா ஈடாகல. உயரத்த விட நான் பயப்படுறது பொருத்தம் இல்லாம வர்றதுக்குத்தான், அப்பனோட பெரிய தலை, கனத்த உடம்பு, அதுக்கு ஆத்தாவோட மெல்லிசான காலு. பாக்கவும் நல்லாருக்காது, வேலையில மூட்டும் போயிரும். பெட்டைக்கே எலும்பு கனமா இருந்தாத்தான் கலப்பு சரியா அமையும், மெல்லிய பெட்டைய பொலி வந்து திருத்திரும்னு நினைக்காதீங்க.

பசுமாட்டுக்கு போடுற மாதிரி சூட்டுக்கு வந்ததும் ஒரு ஊசி போட்டா போதுமா?

போதாது. குதிரை 21, 22 நாளைக்கு ஒருக்க பருவத்துக்கு வரும், சூடு 5லருந்து 7 நாள் நிக்கும், கருமுட்டை வெடிக்கிறது அந்தக் கடைசி ஒண்ணு ரெண்டு நாள்ல. உறைவிந்துன்னா முட்டை வெடிக்கிற நேரத்த ஒட்டி, வெடிச்ச பிறகுன்னா 6 மணி நேரத்துக்குள்ள வைக்கணும், அதனால அந்த நாள்ல டாக்டர் திரும்பத் திரும்ப ஸ்கேன் பண்ணித்தான் சொல்ல முடியும். நமக்கு பக்கத்துல ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, முன்கூட்டியே பேசி வச்சுக்கிட்டு போங்க.

சேர்த்த 14லருந்து 16 நாளுக்குள்ள ஒரு ஸ்கேன் கட்டாயம். சினையான்னு பாக்க மட்டும் இல்ல, இரட்டையான்னு பாக்க. ஆட்டுக்கு இரட்டை சந்தோசம், குதிரைக்கு ஆபத்து, பெரும்பாலும் ரெண்டும் கலைஞ்சு தாயும் கஷ்டப்படும். அந்த நாள்ல கண்டுபிடிச்சா டாக்டர் ஒண்ண மட்டும் நிறுத்திருவாரு.

எத்தன மாசம் சுமக்கும்? கலப்புக்குட்டின்னா நாள் கூடுமா?

சுமாரா 11 மாசம், 340 நாள் பக்கத்துல. 320லருந்து 365 வரைக்கும் போறதும் உண்டு, நாள் தள்ளுதுன்னு ஊசி போட்டு வரவைக்காதீங்க.

பிரசவ நேரம்தான் மாட்டுக்கும் குதிரைக்கும் பெரிய வித்தியாசம். பனிக்குடம் உடைஞ்சா அரை மணி நேரத்துல குட்டி வெளிய வந்துரணும், மாட்டுக்கு மாதிரி காத்திருந்து பாக்கலாம்னு இருந்தா குட்டி போயிரும். வெள்ளைப் பைக்குப் பதிலா சிவப்பு வெல்வெட் மாதிரி பை முதல்ல தெரிஞ்சா உடனே கிழிச்சு குட்டிய எடுக்கணும், டாக்டர் வர்ற வரைக்கும் நேரமில்ல. அப்புறம் 1 மணி நேரத்துல குட்டி எந்திரிக்கணும், 2 மணி நேரத்துல பால் குடிக்கணும், 3 மணி நேரத்துல நஞ்சு விழுந்துரணும். நஞ்சு நின்னுச்சுன்னா கையால இழுக்காதீங்க. டெட்டனஸ் ஊசிய பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே தாய்க்குப் போட்டா சீம்பால் வழியா குட்டிக்கும் காவல்.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக்குதிரைக்குத்தான் கிராக்கி. வெளிர் பெர்ச்சரான் விட்டா குட்டி வெள்ளையா வருமா?

பொறக்கிறப்ப வராது. வெளிர்ற ஜீன் உள்ள குட்டி கருப்பாவோ செவலையாவோதான் பொறக்கும், வருசா வருசம் வெளுத்து ஏழெட்டு வயசுக்கு மேல வெள்ளையா தெரியும். பொலிகிட்ட அந்த ஜீன் ரெண்டு பிரதி இருந்தா எல்லாக் குட்டியும் வெளுக்கும், ஒண்ணுதான்னா பாதிக்குப் பாதி. குட்டி பொறந்ததும் கண்ணச் சுத்தி வெள்ளை முடி தட்டுப்படுதான்னு பாருங்க, அதுதான் முதல் அடையாளம். இப்படி வெளுத்த குதிரைகளுக்கு 15 வயசுக்கு மேல வாலடியில கருப்புக் கட்டி வர்றது ரொம்ப சகஜம்.

பொறக்கும்போதே வெள்ளையா, தோலு இளஞ்சிவப்பா இருக்கிற நுக்ரா வேற சமாச்சாரம், அதுக்கு நம்ம வெயில்ல மூக்குத்தோலு வெந்துரும். சஃபோக் பஞ்ச் செவலை நிறத்துக்கு ஆசைப்படுறவங்களுக்கு ஒரு வார்த்தை, செவலை ஒடுங்குன நிறம், கருப்புப் பெட்டைக்கு விட்டா குட்டி செவலையா வரணும்னு கட்டாயமில்ல.

சுழி சரியா வருமாண்ணே? எங்கப்பச்சி சுழி பாக்காம குதிரைய வீட்டு வாசல்ல கட்ட விடமாட்டாரு.

சுழி அமைப்பு ஓரளவு வம்சத்துல வரும், ஆனா இந்த இடத்துல இந்தச் சுழின்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது. வெளிநாட்டுல சுழி பாத்து பொலி கழிக்கிற வழக்கம் இல்ல, அதனால நம்ம கணக்குல ஆகாத சுழி உள்ள பொலியும் அங்க பரிசு வாங்கியிருக்கும். எனக்கு சுழியில நம்பிக்கை கொறைவு. ஆனா விக்கிறப்ப வாங்குறவர் பாப்பாரு, விலை கொறையும், அதனால அப்பச்சிய கூட்டிட்டே போயி பொலிய பாருங்க, வீட்டுல சண்டையும் மிச்சம்.

தலைகீழா பண்ணுனா? பாரக்குதிரை பெட்டைய வாங்கி நம்ம மார்வாரி பொலிய விட்டா?

நல்ல கேள்வி. பிரசவத்துக்கும் குட்டி வளர்ச்சிக்கும் இதுதான் சிறந்த வழி, வயித்துல இடம் தாராளம், பாலும் தாராளம், ஷயர் பெட்டைக்கு மூணு மடங்கு குட்டி பொறந்தத மேல சொன்னேன்ல. சின்னப் பொலிக்கு மேடு கட்டி நிறுத்தி சேர்க்கவும் செய்யலாம்.

சிக்கல் என்னன்னா வருசம் முழுக்க அந்த 700, 800 கிலோ பெட்டை நம்ம வெயில்ல சினையோட நிக்கணும். ஒரு குட்டிக்காக அவ்வளவு பெரிய உசுர கஷ்டப்படுத்தணுமா? அதோட இறக்குமதிக் கதையும் அப்படியே இருக்கு. கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த இடத்துல நிலம் வச்சிருக்கவங்க பேசலாம், நம்ம சமவெளிக்கு நான் சொல்ல மாட்டேன்.

முதல் கலப்பு நல்லா வந்துச்சுன்னா அத வச்சே பெருக்கலாமா?

முதல் கலப்பு எல்லாம் ஓரளவு ஒண்ணுபோலவே நல்லா வரும், அதப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாறுறது. அண்ணன் தங்கச்சி மாதிரி ரெண்டு கலப்ப தங்களுக்குள்ள சேர்த்தா அடுத்த தலைமுறை சிதறிரும், ஒண்ணு தாத்தா மாதிரி, ஒண்ணு பாட்டி மாதிரி, ஒண்ணு ரெண்டுக்கும் நடுவுல கோணலா. கலப்பு ஆண்குட்டிய காயடிச்சு வண்டிக்கு வச்சுக்கங்க. கலப்புப் பெட்டைக்கு நல்ல மார்வாரி பொலிய விட்டா பாரக்குதிரை ரத்தம் கால்பங்கு நிக்கும், நம்ம வெயிலுக்கும் ட்ராட்டுக்கும் அந்தக் கால்பங்குதான் பொருத்தம்னு நான் நினைக்கிறேன்.

தீனி ரெட்டிப்பாகுமா? தோட்டத்துல கோ-4 புல்லு கெடக்கு, தவிடு மில்லுலருந்து வருது, போதும்ல?

காஞ்ச கணக்குல உடம்பு எடைல 2 சதவீதம்னு வச்சுக்கங்க. 300 கிலோ பெட்டைக்கு 6 கிலோ, 550 கிலோ கலப்புக்கு 11 கிலோ. கோ-4ல முக்கால்வாசிக்கு மேல தண்ணி, அதனால 11 கிலோ காஞ்ச எடைக்கு பச்சையா 50 கிலோவுக்கு மேல வெட்டணும்.

ஆனா கோ-4ம் தவிடும் மட்டும் போதும்ங்கிறத ஒத்துக்கவே மாட்டேன். இந்தப் புல்லுல இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்த கட்டிப்போட்டுரும், தவிட்டுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, ரெண்டும் சேர்ந்தா உடம்பு எலும்புலருந்து சுண்ணாம்ப உறிஞ்சும். குதிரைக்கு மூஞ்சி எலும்பு ரெண்டு பக்கமும் வீங்கும், காலு மாத்தி மாத்தி நொண்டும். மாட்டுக்கு இரைப்பையிலயே அது சிதைஞ்சுரும், குதிரைக்கு அந்த வசதி இல்ல. வேகமா எலும்பு போடுற கலப்புக்குட்டிக்கு இது ரொம்ப சீக்கிரம் தெரியும். பாதிக்குப் பாதி குதிரைமசால், இல்லைன்னா காஞ்ச வேற புல்லு கலங்க, தாது உப்பு டாக்டர கேட்டுப் போடுங்க, கொள்ளு அளவா.

எந்த வயசுல பூட்டலாம்? ரெண்டு வயசுலயே ஆளு உயரம் நிக்குமே?

உயரத்தப் பாத்து பூட்டாதீங்க. கனமான குதிரைக்கு எலும்பு முத்த நாளாகும், 5, 6 வயசு வரைக்கும் வளரும். 3 வயசுல வெறும் வண்டியில கடிவாளம் பழக்கலாம், 4 முடிஞ்சு லேசான சாரட்டு, முழு பாரம் அதுக்குப் பிறகு. பெருசாக்கணும்னு தானியம் திணிச்சாலும் மூட்டுதான் கெடும். வயச விக்கிறவர் வாயால கேக்காம பல்லப் பாருங்க.

என்கிட்ட ரெண்டு பெட்டை. ஒண்ணு 59 இன்ச், 8 வயசு, ரெண்டு குட்டி போட்டது, கொஞ்சம் கட்டை குட்டை. இன்னொண்ணு 62 இன்ச், 15 வயசு, பாக்க ராணி மாதிரி, ஒருக்கக்கூட சினை பிடிக்கல. பெரியதுக்குத்தானே பெரிய பொலி?

இல்லண்ணே, முதலாவது. ரெண்டு பிரசவம் பாத்த இடுப்பு, வயசும் சரி, கட்டை குட்டைன்னு நீங்க குறை சொல்றதுதான் நான் மேல கேட்ட கனமான எலும்பு. 15 வயசுல முதல் தடவ சினை பிடிக்க வைக்கிறது கஷ்டம், கர்ப்பப்பை வாய் சரியா திறக்காது, உள்ள நீர் தேங்கும், பிடிச்சாலும் கலையுற வாய்ப்பு ஜாஸ்தி. டேப்ப எடுத்து முதலாவதோட நெஞ்சுச் சுத்தளவையும் முழங்காலுக்குக் கீழ சுத்தளவையும் எடுத்து வைங்க, பொலி பாக்கப் போறப்ப அந்த ரெண்டு நம்பரும் கையில இருக்கணும். ராணிய சாரட்டுலயே ஓட்டுங்க.